கடவையில் யாருக்கு முதலிடம்: நடப்பவருக்கா, சைக்கிளில் வருபவருக்கா?

வாசகர் கேள்வி

எனது அம்மாவுக்கு 68 வயது. சென்ற மாதம் ஒரு மாலை, வெள்ளவத்தையில் காலி வீதியை மஞ்சள் கடவையால் கடந்துகொண்டிருந்தார். நடைபாதையோரத் தடத்தில் வந்த பஸ் அவருக்காக நின்றது. பஸ்ஸின் முகப்பைத் தாண்டி, நடைபாதையில் ஏற இரண்டு அடி இருக்கும்போது, பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடைப்பட்ட சந்தால் சைக்கிளில் வந்த பதினேழு வயதுப் பையன் மோதிவிட்டான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பையன் ஓடிப் போகவில்லை. அம்மாவைத் தூக்கி இருத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். ஆனால் என்னிடம், "அன்ரி, பஸ்ஸும் காரும்தான் கடவையில நிக்கோணும், சைக்கிளுக்கு அந்தச் சட்டம் இல்லை" என்றான். அவனுடைய தந்தையும் அதையே சொல்கிறார். பையன் அம்மாவைப் பார்க்க வர விரும்புகிறான். வந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தந்தை தடுக்கிறாராம்.

இன்னொன்று. எனது 14 வயது மகன் ரியூசனுக்குச் சைக்கிளில் போகிறான். அதே கடவையைச் சைக்கிளில் இருந்தபடியே கடக்கிறான். கேட்டால், "கடவையில போனால் எல்லா வாகனமும் நிக்கத்தான் வேணும்" என்கிறான். இவர்களில் யார் சொல்வது சரி?

வாசகி, கொழும்பு 06

சட்டத்தரணியின் பதில்

அன்பின் சகோதரிக்கு,

தாயாரின் கை விரைவில் தேறட்டும். தாங்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டிருந்தாலும், தாயாரை மோதிய பையனும் தங்கள் மகனும் செய்வது ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்தான். ஒருவன் தன் வண்டியில் இயந்திரம் இல்லாததால் கடவை தன்னைக் கட்டுப்படுத்தாது என்று நினைக்கிறான். மற்றவன் தான் செல்லும் இடம் கடவை என்பதால் அது தன்னையும் காக்கும் என்று நினைக்கிறான். பாதசாரிக் கடவையில் முதலிடம் நடந்து கடப்பவருக்கே உரியது. சில்லுகளின் மேல் அமர்ந்து வருபவர், அந்தச் சில்லுகள் இரண்டாயினும் ஆறாயினும், அங்கே வழிவிட வேண்டியவர். இரண்டு கேள்விகளுக்கும் விடை இதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்தத் தந்தையின் முன் இருந்து பேசுவதற்கு இவ்வளவு போதாது என்பதால் காரணங்களையும் எழுதுகிறேன்.

முதலில் பையனின் வாதம். அது அவனாகக் கண்டுபிடித்ததன்று. கொழும்பில் சைக்கிள் ஓட்டும் பெரியவர்கள் பலரும், ஏன், நீதிமன்ற வாசலில் நிற்பவர்கள் சிலரும்கூட இதைச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். நமது வீதிகளை ஆளும் பிரதான சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பெயரிலேயே மோட்டார் இருக்கிறது. பதிவு, சாரதி அனுமதிப்பத்திரம், மூன்றாந்தரப்புக் காப்புறுதி என்று அது வற்புறுத்துபவை எவையும் சைக்கிளுக்குத் தேவைப்படுவதில்லை. முன்னொரு காலத்தில் உள்ளூராட்சி சபைகள் சைக்கிளுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கி, ஒரு சிறு தகட்டையும் தந்தன. அந்தத் தகட்டைப் பூட்டி ஓடித் திரிந்த தலைமுறைக்கு, சைக்கிளும் சட்டத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டிய வாகனம் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியிருந்தது. இன்றைய பிள்ளைகள் கடையில் சைக்கிளை வாங்கி நேரே வீதியில் இறக்குகிறார்கள். அவர்களிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. கேட்பாரில்லை என்பதைச் சட்டமில்லை என்று அவர்கள் விளங்கிக்கொண்டால், அதில் பெரியவர்களுக்கும் பங்குண்டு.

ஆனால் பொது வழியில் பிறரை ஆபத்துக்குள்ளாக்குவது பற்றிய குற்றம் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மிகவும் முந்தியது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, மனித உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய வகையில், துணிச்சலாகவோ கவனயீனமாகவோ பொது வழியில் ஏதேனும் வாகனத்தைச் செலுத்துவதையும் சவாரி செய்வதையும் குற்றமாக்கியிருக்கிறது. அந்த ஆண்டில் இலங்கையில் மோட்டார் கார் ஒன்றுகூட ஓடவில்லை. ஏறக்குறையச் சம அளவான இரண்டு சில்லுகளும், பின்சில்லை இழுக்கும் சங்கிலியுமாக இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் முன்னோடி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்ததே 1885 இல்தான். ஆகவே அந்த வாசகத்தில் வரும் வாகனம் என்ற சொல்லுக்குள் இயந்திரத்தைத் தேடுவதில் பயனில்லை. மாட்டுவண்டிக்காரரையும் குதிரைக்காரரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் சைக்கிள்காரரை இலகுவாகவே பிடித்துக்கொள்ளும். அதே சட்டக்கோவையில், கவனயீனமான செயலால் ஒருவருக்குக் காயம் விளைவிப்பதும் குற்றம். எலும்பு முறிவை அது சாதாரண காயமாகக் கொள்வதில்லை, பாரதூரமான காயம் என்ற வகைக்குள் வைக்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால், கவனயீனத்தால் மரணம் விளைவிப்பது பற்றிய 298 ஆம் பிரிவு வரும்.

இது ஏட்டில் மட்டும் உள்ள அச்சுறுத்தல் என்று அந்தத் தந்தை எண்ணக் கூடும். லண்டனில் 2016 இல், முன்பிறேக் இல்லாத சைக்கிளை ஓட்டிச் சென்ற இளைஞர் ஒருவர், வீதியைக் கடந்த பெண் ஒருவரை மோதினார். அந்தப் பெண் இறந்துபோனார். ஆட்கொலைக் குற்றச்சாட்டிலிருந்து இளைஞர் விடுபட்டாலும், குதிரை வண்டிக் காலத்தில், 1861 இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டப் பிரிவின் கீழ் 2017 இல் அவருக்கு 18 மாதத் தண்டனை கிடைத்தது. தங்கள் விடயம் அந்த அளவுக்குப் போகவில்லை, போகவும் தேவையில்லை. இயந்திரம் இல்லை என்ற வாதம் எங்கே போய் முட்டும் என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன்.

இனி, அந்தக் கடைசி இரண்டு அடியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்; இந்த விபத்தின் முழு விளக்கமும் அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸின் முகப்பு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் அகலமானது. சாரதி கடவைக்கு ஒட்டி நிறுத்தினால், அதன் முன்னால் நடப்பவர் அந்த அகலத்தைக் கடந்து முடிக்கும்வரை, பின்னாலிருந்து இடப்பக்கமாக வருபவரின் கண்ணுக்கு இல்லாதவரே. சைக்கிள்காரருக்குத் தெரிவது நீண்ட தகரச் சுவரும், திறந்த கதவும், மிதிபலகையில் நிற்கும் நடத்துனரும்தான். மணிக்கு 18 கிலோமீற்றர் என்பது சைக்கிளுக்குப் பெரிய வேகமன்று. ஆனால் அது ஒரு செக்கனுக்கு ஐந்து மீற்றர். ஆளைக் கண்டு, உணர்ந்து, விரல்கள் பிறேக்கை இறுக்குவதற்கு ஒரு செக்கன் சென்றால், அதற்குள்ளேயே சைக்கிள் ஐந்து மீற்றர் ஓடிவிடும். அதன் பிறகுதான் பிறேக் வேலையைத் தொடங்கும், நல்ல பிறேக்காயின் நிற்பதற்கு மேலும் நான்கைந்து மீற்றர் பிடிக்கும். மழை பெய்து றிம் நனைந்திருந்தால் இன்னும் கூடும். தாயார் பஸ்ஸின் மூலையிலிருந்து வெளிப்பட்ட கணத்தில் அவருக்கும் முன்சில்லுக்கும் இடையில் இரண்டு மீற்றர் இருந்திருந்தாலே அதிகம்.

ஆகவே தான் பிறேக் பிடித்ததாகப் பையன் சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம். அவனுடைய பிழை அதற்குப் பல மீற்றர் முன்னாலேயே நிகழ்ந்துவிட்டது: கடவையின் முன் ஒரு பஸ் நிற்பதைக் கண்டும், அது யாருக்காக நிற்கிறது என்று எண்ணிப் பாராமல் சந்துக்குள் நுழைந்தான். பஸ் தரிப்பிடத்தில் நிற்பது வேறு, கடவையில் நிற்பது வேறு. தரிப்பிடத்தில் நின்றாலும் இடப்பக்கத்தால் நுழைவது, இறங்குகிறவரின் காலடியில் போய் விழுவதற்கு ஒப்பானதே. கடவையில் வழிவிட்டு நிற்கும் வாகனத்தை முந்தக் கூடாது என்பது பல நாடுகளின் வீதி விதிகளில் தனியாகவே எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் இந்த மறைவுதான். முந்துபவர் லொறியில் வந்தாலும் சைக்கிளில் வந்தாலும் மறைவு ஒன்றே.

நானும் இதில் குற்றமற்றவன் அல்லன். 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டு கிடந்த மாதங்களில், தெஹிவளையிலிருந்து புதுக்கடை நீதிமன்றத்துக்கு, கறுப்புக் கோட்டைப் பையில் மடித்துக் கரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய் வந்தேன். ஒரு நாள் காலை, நின்றிருந்த வான் ஒன்றின் இடப்பக்கமாக நுழைந்தபோது, முதியவர் ஒருவரின் மடித்த குடையின் நுனி என் ஹாண்டிலில் தட்டியது. குடைதான் தட்டியது, அவர் அல்ல. அவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. குடையைத் தூக்கிக் கம்பி வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அன்று முற்பகல் நான் தோன்றவிருந்ததோ ஒரு கடவை விபத்து வழக்கு.

நட்டஈட்டைப் பொறுத்தவரை, இலங்கையின் தீங்கியல் சட்டம் ரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்தது. நிதானமுள்ள ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இப்படியொரு தீங்கு நேரலாம் என்று முன்கூட்டியே எண்ணியிருப்பாரா, அதைத் தவிர்க்க முயன்றிருப்பாரா என்றுதான் அங்கே கேட்கப்படும். வண்டி எந்த இனம் என்பது அந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. எதிர்த்தரப்பு தாயாரின் பக்கத்திலும் குறை தேடும். பஸ்ஸின் மூலையில் நின்று எட்டிப் பார்த்தாரா, கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டு வந்தாரா என்றெல்லாம் கேட்கப்படலாம். அவர் பக்கத்திலும் கவனயீனம் இருந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால், 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அந்தப் பங்குக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்க நீதிமன்றத்தால் முடியும். வழக்கு முற்றாக வீழ்ந்துவிடாது. என் கணிப்பில் இங்கே அந்தக் குறைப்பு பெரிதாக இருக்க இடமில்லை. நான்கு தட வீதி ஒன்றைப் பதினான்கு மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 68 வயதுக்காரர் செக்கனுக்கு ஒரு மீற்றர் வீதம் நடந்து கடக்கப் பதினான்கு செக்கன் செல்லும். அதில் பெரும்பகுதியை அவர் கடந்தாயிற்று. வேறு வாகனங்கள் அவருக்காக நின்றுமாயிற்று. திடீரென்று வீதியில் பாய்ந்தவர் என்று அவரை எவரும் சொல்ல முடியாது. கடவைக்கு அப்பால், நிற்கும் வாகனங்களுக்கிடையே புகுந்து கடந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க மாட்டேன்.

தங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். நாம் இன்னமும் மஞ்சள் கடவை என்று சொல்கிறோம். வீதியில் இருப்பதோ பெரும்பாலும் வெள்ளை வரிகள். நிறம் மாறியும் பேச்சு மாறவில்லை. ஆனால் அதன் முழுப் பெயரான பாதசாரிக் கடவை என்பதில்தான் விடை இருக்கிறது. சைக்கிளில் அமர்ந்து பெடலை மிதித்துச் செல்லும் ஒருவர் பாதசாரி அல்லர். இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தால், அந்தக் கணத்திலிருந்து அவர் பாதசாரி. இங்கிலாந்தில் 1980 இல் தீர்க்கப்பட்ட கிராங்க் எதிர் புறூக்ஸ் என்ற வழக்கில் இதே கேள்வி எழுந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடவையில் நடந்த பெண் ஒருவர் காரில் அடிபட்டார். கையில் சைக்கிள் இருந்ததால் அவரைக் கால்நடையாகச் சென்றவர் என்று கொள்ள முடியுமா என்பது பிரச்சினை. முடியும் என்றது மேல்நீதிமன்றம்: நடைபாதையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, இரண்டு கால்களும் நிலத்தில் பட நடப்பவருக்கும் வெறுங்கையோடு நடப்பவருக்கும் வேறுபாடு இல்லை. அதோடு, ஒரு காலைப் பெடலில் வைத்து மறு காலால் உந்திச் சென்றிருந்தால் விடை வேறாகியிருக்கும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இந்த ஒற்றைக்கால் வித்தையை நமது பையன்கள் எல்லாக் கடவைகளிலும் செய்கிறார்கள் என்பதால் இதைக் குறிப்பாக மகனுக்குக் காட்டுங்கள். ஆங்கிலத் தீர்ப்புகள் நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிடினும், இத்தகைய விடயங்களில் அவற்றை எடுத்துக்காட்டி வாதிடுவது வழக்கம். ஜெர்மனியிலும் நிலை இதுவே: கடவையில் சைக்கிளைத் தள்ளிச் செல்பவருக்கு முன்னுரிமை உண்டு, ஓட்டிச் செல்பவருக்கு இல்லை.

இதற்குப் பின்னால் உள்ள காரணம் எளியது. நடந்து வருபவர் நடைபாதையின் விளிம்புக்கு வருவதைச் சாரதி சில செக்கன்களுக்கு முன்பே காண்கிறார். அவர் ஒரு செக்கனில் நகரும் தூரம் ஒரு மீற்றர் அல்லது சற்று அதிகம். மகன் நடைபாதையிலிருந்து சைக்கிளோடு இறங்கினால் அதே செக்கனில் நான்கு மீற்றர் உள்ளே வந்துவிடுகிறான். சாரதி கடவையைப் பார்த்தபோது அங்கே எவரும் இல்லை. நிறுத்த நினைக்கும்போது மகன் பொனெற்றுக்கு முன்னால். அப்படி நேர்ந்தால் சாரதி தப்பிவிடுவார் என்று பொருளல்ல. முன்னுரிமை இல்லாத ஒருவர் எதிரே வந்தாலும் மோதாமல் இருக்க முயலும் கடமை சாரதிக்கு உண்டு. ஆனால் கடவை என்ற கேடயம் மகனின் கையில் இருக்காது. முன்னர் நான் சொன்ன 1968 ஆம் ஆண்டுச் சட்டம் அவனுக்கெதிராகத் திரும்பும். இன்னொரு தொல்லையும் உண்டு. கடவையில் அமர்ந்தபடி செல்லும் மகன், அங்கே நடந்துகொண்டிருக்கும் மற்றவர்களைப் பொறுத்தவரை, தன் பாட்டியை மோதிய பையனின் நிலையில் இருக்கிறான். அவனுக்கு இதைச் சொல்ல என்னைவிடத் தாங்களே பொருத்தமானவர்.

மகன் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம். வீதியில் வாகனமாகவே செல்வதாயின் இடப்பக்கம் பிடித்து, சந்தியில் மற்ற வாகனங்களோடு நின்று, சமிக்ஞை விளக்குக்குக் கட்டுப்பட்டுத் திரும்ப வேண்டும். கடவையால் கடப்பதாயின், நடைபாதையிலேயே இறங்கி, சைக்கிளைப் பக்கத்தில் பிடித்து நடக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குக் காலி வீதியில் வலப்பக்கம் திரும்பும் தடத்துக்குள் 14 வயதுப் பிள்ளை செல்வதை நான் விரும்ப மாட்டேன். இறங்கி நடக்கட்டும், ரியூசனுக்கு அரை நிமிடம் பிந்தும், அவ்வளவுதான்.

மற்றச் சூழல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்குள்ள கடவையில் விளக்கே பேசும். பச்சை மனிதன் எரியும்போது சைக்கிளும் நிற்க வேண்டும். பொலிஸ் உத்தியோகத்தர் நின்று கையசைத்தால் விளக்கையும் மீறி அவருடைய கைக்கே கட்டுப்பட வேண்டும். பக்கத்து ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பும்போது, ஒழுங்கையின் வாயிலைக் கடந்து நடப்பவருக்கு வழிவிடுவதே முறை; பிரித்தானியாவின் வீதிக் கோவை 2022 ஜனவரியில் திருத்தப்பட்டபோது, கடக்கக் காத்து நிற்பவருக்கும் அவ்வாறு வழிவிடுமாறு சைக்கிள்காரர் உட்பட எல்லோரையும் அறிவுறுத்தியது. கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடைப்பட்ட ஒருவழிப் பகுதியில் எதிர்த்திசையாகச் சைக்கிளில் வருவோரைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தப் பதில் முடியாது. வாகனம் வரும் திசையை மட்டும் பார்த்துக் காலை எடுத்து வைக்கும் ஒருவர், மறுபக்கத்திலிருந்து ஓசையின்றி வரும் சைக்கிளை எதிர்பார்க்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனித் தாங்கள் செய்ய வேண்டியது. பொலிஸ் முறைப்பாடு இன்னும் செய்யவில்லையாயின் இப்போதாவது செய்து, அதன் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். பையனைத் தண்டிப்பதற்காக அன்று, நடந்தது எழுத்தில் இருப்பதற்காக. வைத்தியசாலை தந்த அட்டை, எக்ஸ்றே படம், மருந்துப் பற்றுச்சீட்டுகள், வீட்டில் உதவிக்கு ஆள் வைத்திருந்தால் அதற்கான செலவுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். எதிரே உள்ள கடைகளில் கண்காணிப்புக் கமரா இருந்தால் இன்றே கேளுங்கள். பழைய பதிவுகள் சில வாரங்களில் தாமாகவே அழிந்துவிடுவது வழக்கம், ஏற்கெனவே ஒரு மாதம் போய்விட்டது. உடற்காயத்துக்கு நட்டஈடு கோரும் வழக்கை, சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

ஆயினும் வழக்குக்கு அவசரப்பட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. காரொன்று மோதியிருந்தால் காப்புறுதிக் கம்பனி ஒன்று பின்னால் நின்றிருக்கும். இங்கே அப்படி எவரும் இல்லை. பையனுக்கு 18 வயது நிறைவடையவில்லை, அவனிடம் சொத்தும் இராது. பிள்ளையின் தவறுக்குத் தகப்பன் என்ற ஒரே காரணத்தால் தந்தையைப் பொறுப்பாளியாக்கும் வழக்கமும் நமது சட்டத்தில் இல்லை. வென்று வாங்கும் தீர்ப்பு வெறும் தாளாகவே இருந்துவிடக் கூடும். பேச்சு நின்றுபோனால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை தங்கள் பகுதியிலும் உண்டு. இத்தகைய அயலவர் தகராறுகளை அது பலமுறை தீர்த்திருக்கிறது, சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்கவும் தேவையில்லை.

பையன் பார்க்க வரட்டும். நலம் விசாரிக்க வருவது மட்டும் சட்டப்படி பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகிவிடாது என்று, இந்தப் பதிலைக் காட்டியே தந்தைக்குச் சொல்லலாம். அவரும் கூட வருவது இன்னும் நல்லது. அன்றைக்குப் பணப் பேச்சை எடுக்காதீர்கள். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, வேறொரு நாளில் செலவுக் கணக்கை முன்வைத்துப் பேசுங்கள். ஒரு தொகைக்கு உடன்பட்டால் திகதி, தொகை, எத்தனை தவணை என்பவற்றைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று வைத்தியர் சொல்வதற்கு முன், அந்தத் தாளில் இறுதித் தொகை என்ற சொல்லை எழுத வேண்டாம்.